பெரியப்பா கொடுத்த இன்டர்நெட்

பெரியப்பா செத்த அன்று கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில் 'கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத வள்ளல்' என்று போட்டிருந்தது. எழுதியவன் யாரோ, ஒரு எழுத்துப் பொய்யில்லாமல் எழுதியிருந்தான். அவர் யாருக்கும் எதற்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. என்ன, கேட்க வேண்டும். நேற்றுக் கேட்டு வாங்கியதை இன்றைக்கும் கேட்க வேண்டும், நாளைக்கும் கேட்க வேண்டும், சாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துக்கத்துக்கு வந்தவள் என்பதை மறந்து அந்த பேனருக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

செத்தவர்களைக் குறை சொல்லாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சரி, குறை வேண்டாம். அவர் கொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு மூத்தவர் அவர். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். வடக்குப் பாதி அவருக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு. சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். யாரிடம் பேசினாலும் ஒன்றை எடுத்துத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் அரிசியை எதிராளியின் உள்ளங்கையில் கொட்டுவார். முழுக்காயாக ஒருவருக்கும் கொடுத்ததில்லை. "கேட்டா நான் இல்லைன்னா சொல்லப் போறேன்?" என்பது அவர் வாயில் எந்நேரமும் கிடக்கும் பேச்சு. அதைச் சொல்லும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். அந்தச் சாய்வைப் பார்த்தால் தெருவில் எல்லாருக்கும் மனசு இளகிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

சுருளிப்பட்டி போகிற வழியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவாக நின்றுவிட்டது. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. மோட்டார் ரூம் சாவி பெரியப்பாவிடம். இன்னொரு சாவி போட்டுக்கொள்கிறேன் என்று அப்பா சொல்லும்போதெல்லாம், "எதுக்குடா தம்பி? ரெண்டு சாவி இருந்தா ரெண்டும் தொலையும். நான் எங்க ஓடியா போறேன்? கேட்டா இல்லைன்னா சொல்லப் போறேன்?" என்பார். எங்கள் முறை நாளில் அப்பா விடிந்தும் விடியாமலும் போய் அவர் வாசலில் நிற்பார். பெரியப்பா அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருப்பார். தம்பியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். குளிப்பார். சாமி கும்பிடுவார். பேப்பர் படிப்பார். அப்புறம் சாவி வரும். அப்பா சைக்கிளை மிதித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது, காலையில் கொஞ்ச நேரமே வருகிற மும்முனை கரன்ட் போயிருக்கும். மோட்டார் ஓடாது, கொடி காயும். "அண்ணன் மாட்டேன்னா சொன்னாக? குடுத்தாகல்ல," என்று அப்பா வீட்டுக்குள் வரும்போதே ஆரம்பிப்பார். அதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

தெருவில் முதலில் போன் வாங்கியவரும் அவர்தான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் தன் நம்பரையே கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். எங்களுக்குப் போன் வந்தால் சுவரைத் தட்டிக் கூப்பிடுவார். ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால் விஷயம் முழுவதையும் அவர் கேட்டு முடித்திருப்பார். மாமாவுக்குப் பிள்ளை பிறந்ததை அம்மா இவர் வாயால்தான் கேட்டாள். என் பிளஸ் டூ மார்க்கைத் தோழி போனில் சொன்னபோது, ஒவ்வொரு பாடமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, டீக்கடை வரைக்கும் போய் "நம்ம பிள்ள பாசாயிருச்சு" என்று எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் வந்து சொன்னார். நல்லதுதானே செய்தார், இதில் என்ன கோபம் என்று கேட்கிறார்கள். என் மார்க் எனக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்?

அப்பா நெஞ்சுவலியில் போனபோது பெரியப்பா அழுத அழுகை நடிப்பு கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும். பாடையைத் தூக்கும்போது தெருவில் உட்கார்ந்துவிட்டார், இரண்டு பேர் பிடித்து எழுப்பினார்கள். அதற்கப்புறம் எங்களுக்கு எல்லாமே அவர்தான் என்று ஆனது. அக்கா கல்யாணத்தை முன்னின்று நடத்தினார். மார்க்கையன்கோட்டை மாப்பிள்ளை. நிச்சயத்தன்று, பெண்ணுக்குச் சம்மதமா என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் கேட்டதும், "எனக்குச் சம்மதம்னா அவளுக்குச் சம்மதம்" என்று பெரியப்பா தலையைச் சாய்த்தார். சபையே சிரித்தது. உள்ளறையில் இருந்த அக்காவிடம் ஒருத்தரும் வந்து கேட்கவில்லை.

மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். பிள்ளை பிறந்தும் நிறுத்தவில்லை. ஒரு நாள் அக்கா ஒடிந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, பாப்பாவை இன்னொரு கையால் அணைத்துக்கொண்டு, பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பெரியப்பாதான். டாக்டர் கேட்டபோது, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னதும் அவர்தான். மாவுக்கட்டுப் போட்டு முடிந்ததும் அவள் நல்ல கையில் ஏலரிசியைக் கொட்டினார்.

கட்டுப் பிரித்ததும் அக்கா வேலை தேட ஆரம்பித்தாள். தேனியில் ஒரு கம்பெனி இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவுசெய்வதை இங்கே காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆரம்பப் பயிற்சியில் நன்றாகச் செய்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரும் கொடுத்து, மீதிப் பயிற்சியையும் வேலையையும் வீட்டிலிருந்தே செய்யவிடுவார்கள். அக்காவுக்கு அதுதான் வேண்டும். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது, அவள் முந்தானையைப் பிடிக்காமல் தூங்காது. வீட்டோடு வேலை கிடைத்துவிட்டால் பிள்ளையும் மடியில், சோறும் கையில். மார்க்கையன்கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. ஆரம்பப் பயிற்சியில் அக்கா தேறினாள், கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நெட்தான் இல்லை.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் போஸ்ட்டில் காலி லைன் இல்லை என்று டெலிபோன் லைன்மேன் கையை விரித்துவிட்டார். பின்தெருவிலிருந்து இழுக்கலாம், ஆனால் வயர் பெரியப்பாவின் மொட்டை மாடி வழியாக வர வேண்டும். "தாராளமா இழுங்கத்தா" என்றார். லைன்மேன் வருகிற நாளிலெல்லாம் மாடிக் கதவு பூட்டியிருக்கும், இவர் சுருளி அருவிக்குக் குளிக்கப் போயிருப்பார். நாலைந்து தடவை அலைந்துவிட்டு அந்த மனுஷன் எங்கள் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

பெரியப்பா வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது. அவர் மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசுவதற்காகப் போட்டுக்கொடுத்தது. பொங்கலுக்கு வந்த அண்ணன், அக்காவின் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இம்புட்டு? நடுச்சுவத்துல ஒரு ஓட்ட, ஒரு கேபிள். முடிஞ்சது சோலி" என்றான்.

பெரியப்பா பதறவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பொதுச்சுவருடா அது. ஆணி அடிக்கிறதுக்கே ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டு அடிக்கிற ஊரு. ஓட்ட போட்டா நாளப்பின்ன பங்காளிக்குள்ள பேச்சாகும்."

"ரெண்டு பக்கமும் நாமதானப்பா இருக்கோம்?"

"இன்னைக்கி நாம. நாளைக்கி?"

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு தேனிக்குப் போய் இரண்டு புளூடூத் வாங்கிவந்தான். விரல்நுனி அளவு பிளாஸ்டிக் துண்டு, கம்ப்யூட்டரில் செருகுவது. அவர் கம்ப்யூட்டரில் ஒன்று, எங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று. அவருக்கு வருகிற நெட் வயரே இல்லாமல் சுவரைத் தாண்டி எங்களுக்கு வரும். பழங்காலச் சுவர், நல்ல தடிமன். சிக்னல் முதலில் விட்டுவிட்டு வந்தது. இரண்டு வீட்டு மேஜையையும் சுவரோடு ஒட்டிப் போட்டதும் சரியாகிவிட்டது. அக்கா மெயிலைத் திறந்தபோது நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். பெரியப்பா சுவரைத் தடவிப் பார்த்தார். "ஓட்டயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுதான் நமக்குத் தோது" என்றார். எவ்வளவு தோது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

எங்கள் கம்ப்யூட்டர் நெட் கேட்டதும் அவர் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். பக்கத்துக் கம்ப்யூட்டர் உங்கள் இணைப்பைக் கேட்கிறது, விடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். அதிலேயே 'எப்போதும் விடு' என்று ஒரு கட்டமும் இருக்கும். அதில் ஒரு டிக் அடித்துவிட்டால் அப்புறம் அது கேட்காது, தானாகவே விட்டுவிடும். அண்ணன் டிக் அடித்துவிட்டுத்தான் பெங்களூர் பஸ் ஏறினான். மறுநாள் காலையில் நெட் வரவில்லை. சுவரைத் தட்டினோம். "என்னமோ பெட்டி வந்து கேக்குதுத்தா, அமுக்கவா?" என்று குரல் வந்தது. அமுக்கினார், நெட் வந்தது. அதற்கு மறுநாளும் இதே கதை. போய்ப் பார்த்தேன், டிக் இல்லை. நானே அடித்துவிட்டு வந்தேன். விடிந்தால் மறுபடியும் இல்லை.

"ஏன் பெரியப்பா அத எடுத்தீக?"

"தொறந்த வீடா கெடக்கலாமாத்தா? நாந்தான் இங்கனயே இருக்கேன்ல. ஒரு வார்த்த கேட்டா அமுக்கிறப் போறேன். கேட்டா இல்லைன்னா சொல்லப் போறேன்?"

அதிலிருந்து அக்காவின் பிழைப்பு சுவரைத் தட்டுகிற பிழைப்பு. காலையில் தட்டுவாள். பெரியப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டி, தினமும் வருகிற அதே பெட்டியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அமுக்குவார். புளூடூத் அடிக்கடி அறுந்துபோகும், அறுந்தால் மறுபடி தட்ட வேண்டும். மத்தியானம் அவர் தூங்கினால் தட்டக் கூடாது. விசேஷ வீட்டுக்குப் போனால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவார், அன்றைக்கு அக்காவுக்கு வேலை இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போகவும் வழியில்லை. நோயாளிகள் சமாசாரம், நாலு பேர் வந்துபோகிற இடத்திலிருந்து அனுப்பக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். போனாலும், திரைச்சீலை போட்ட அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்துவிட்டு வந்த பெண்ணை ஊர் என்ன பேசும் என்று அம்மாவுக்குப் பயம். தெருவிலோ பெரியப்பா பெருமைதான் பேச்சு. தம்பி மகளுக்குக் காற்றிலேயே நெட் கொடுக்கிற மனுஷன்.

வீட்டுக்கு யாராவது வந்தால் அதைக் காட்டிவேறு வைப்பார். ஒருமுறை திராட்சை விலை பேச வியாபாரி ராவுத்தர் ஒருவர் வந்திருந்தார். அக்கா இந்தப் பக்கம் காதில் மாட்டிக்கொண்டு மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தாள். படக்கென்று நெட் போனது. "ஏத்தா, ஒருக்கா தட்டு. ராவுத்தர் பாக்கட்டும்" என்று அந்தப் பக்கமிருந்து குரல். வேண்டுமென்றே அறுத்துவிட்டுத் தட்டச் சொல்கிறார்! அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினாள். "பாத்தீகளா, பெட்டி வந்துருச்சு. இப்ப நான் அமுக்குனாத்தான் அங்கன ஓடும்" என்று விளக்கம் நடந்தது. ராவுத்தர் சொன்னதும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "அந்தப் புள்ள வேலயா இருக்குமேங்க. எதுக்குப் போயி இப்பிடி?" பெரியப்பா சிரித்தார். என்ன கேட்கிறார் என்றே அவருக்குப் புரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தான் செய்வது கொடுமை என்று தெரிந்து செய்கிற ஆளிடம் சண்டையாவது போடலாம். இவர் நெஞ்சில் கைவைத்துத் தன்னை வள்ளல் என்றே நம்பினார்.

இப்படியே தட்டித் தட்டி அக்கா பயிற்சிக் காலத்தை ஒப்பேற்றிக் கடைசிப் பரீட்சைக்கு வந்துவிட்டாள். காலையில் ஒரு கட்டு ஃபைல் வரும், சாயங்காலம் ஆறு மணிக்குள் அடித்து அனுப்ப வேண்டும். தேறினால் வீட்டோடு வேலை நிரந்தரம். முந்தின நாளே அக்கா போய், "நாளைக்கு மட்டும் எங்கயும் போயிறாதீக பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள். "எங்க போகப் போறேன்? ஒன் வேலைய விட எனக்கு என்ன சோலி?" என்றார்.

காலையில் தட்டியதும் அமுக்கினார். ஃபைல்கள் இறங்கின. இறங்கியதும் இணைப்பு அறுந்தது, அது ஒன்றும் புதிதில்லை. அக்கா சோறுகூடத் தின்னாமல் அடித்தாள். பாப்பா அவள் காலடியிலேயே படுத்துத் தூங்கியது. ஐந்து மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது, அனுப்புவதுதான் பாக்கி. சுவரைத் தட்டினாள்.

பதில் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. ஆம்பளைக் குரல்கள். அக்கா முகம் வெளுத்துவிட்டது. "அவுக வந்திருக்காக" என்றாள்.

அவள் புருஷனின் அப்பா, சித்தப்பா, இன்னும் இரண்டு பேர். அக்காவைத் திரும்ப அழைத்துப்போகச் சொல்லி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பெரியப்பா அவர்களை வரச்சொல்லியிருக்கிறார். அன்றைக்கென்று பார்த்து. பெரியப்பா அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினார், "ஏத்தா, ரெண்டு நிமிசம் இங்கன வந்து பெரியவுகளுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போ" என்றார்.

"மொதல்ல நெட்டு குடுங்க பெரியப்பா. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

"குடுக்கேன் குடுக்கேன். நெட்டு எங்க போகுது? வந்து சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயி அனுப்பு."

நான் ஓடினேன். கூடத்தில் எல்லார் கையிலும் காப்பி டம்ளர். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை மூலையில் அந்தப் பெட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது, விடலாமா என்று. அவர் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் மவுஸ். பெட்டி கொஞ்ச நேரம் நிற்கும், மறையும், அக்கா அந்தப் பக்கம் மறுபடி அழுத்தியதும் மறுபடி வரும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சம்பந்திகளிடம், "நான் சொன்னா கேப்பா. இப்ப வருவா பாருங்க" என்றார்.

நான் மவுஸை எட்டிப் பிடிக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலிக்கவே இல்லை, அவ்வளவு மெதுவாகப் பிடித்தார். "இருத்தா. பெரியவுக பேசிக்கிட்டிருக்கோம்ல."

"விடுங்க பெரியப்பா! அவ பொழப்பு போயிரும்!"

"பொழப்புக்குத்தானத்தா பேசிக்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். பாப்பா இடுப்பில். அவள் வருவதைப் பார்த்ததும் பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. ஜெயித்த முகம். அக்கா நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியப்பா, என் கை எப்பிடி ஒடிஞ்சுச்சுன்னு இவுககிட்டச் சொல்லுங்க."

மாமனார்க்காரர் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீக. பாத்ரூம்ல விழுந்தேன்னு டாக்டர்கிட்டச் சொன்னீக. இவுககிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க. இவுக மகன்தான் முறுக்குனாருன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் பேசித் தீத்துக்கிருவோம். மொதல்ல ஒக்காரு. எல்லாத்துக்கும் ஒரு முற இருக்குல்ல."

"சம்மதம்னு அன்னைக்கி நீங்க சொன்னீக. என்னைய யாரும் கேக்கல. இன்னைக்கிக் கேக்குறீகல்ல, சொல்றேன். எனக்குச் சம்மதம் இல்ல. போக மாட்டேன்." பாப்பாவை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டேன். இப்ப அமுக்குங்க."

மாமனார்க்காரர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். "சபையில வச்சு அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டீகளா?" என்று பெரியப்பாவிடம் கேட்டுவிட்டு அவர் செருப்பை மாட்டினார். பெரியப்பா அவர்கள் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போய் சமாதானம் பேசினார். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். என்னையும் அக்காவையும் பார்க்காமல், குனிந்து, கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தார். சுவிட்சைக் கோபத்தில் அறையவில்லை, வழக்கமாக வெளியே போகும்போது அணைப்பதுபோல அணைத்து, எங்களை வெளியே விட்டு வீட்டையும் பூட்டிக்கொண்டு போனார். நாங்கள் வாசலில் நின்றோம். அவர் திரும்பி வந்தபோது ஏழாகியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் சுவர் தட்டும் சத்தம். அவர்தான். "ஏத்தா, நெட்டு வருதா பாரு. விட்டுருக்கேன்" என்றார். வந்தது. அதுநாள்வரை வராத வேகத்தில் வந்தது. கம்பெனியிலிருந்து மெயிலும் வந்திருந்தது. குறித்த நேரத்தில் வேலை வரவில்லை, வீட்டிலிருந்து செய்யும் ஏற்பாடு சரிப்படாது, விருப்பமிருந்தால் தேனி ஆபீசுக்கே வந்து ராத்திரி ஷிப்ட் பார்க்கலாம்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். புளூடூத்தைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். நான் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். "எதுக்குத்தா? இருக்கட்டுமே. வேணும்னா கேளுங்க" என்றார். அதற்கப்புறம் பல நாள் அவர் கம்ப்யூட்டரைக் காலையிலேயே போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். நாங்கள் எதுவும் கேட்காதது அவரை என்னவோ செய்தது. ஒரு நாள் அம்மாவிடம் வந்து, அந்தக் கட்டத்தில் தானே டிக் அடித்துவிட்டதாகவும், இனி தட்டவே வேண்டாம் என்றும் சொன்னாராம். கண் கலங்கியிருந்தது என்றாள் அம்மா. கலங்கட்டும்.

அக்கா தேனிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கினாள். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு தினமும் கம்பம் வந்துபோக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், சில ஞாயிறு அதுவும் கிடையாது. பாப்பா எங்களிடம். ஆரம்பத்தில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதது. சோறு இறங்கவில்லை, காய்ச்சல் வந்தது. பிறகு என் தாவணியைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகியது. கல்லூரிக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொள்ளும். நான் ஊட்டினால்தான் தின்னும். பழகிவிட்டதே என்று அம்மா நிம்மதிப்பட்டாள். அது பழகப் பழக, அக்காவிடமிருந்து எதையோ திருடுவதுபோல எனக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா புதுக் கவுன் வாங்கிக்கொண்டு வந்தாள். பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தூக்கப் போனாள். பாப்பா ஓடிவந்து என் பின்னால் ஒளிந்துகொண்டது. அக்கா கவுனை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். ஏலக்காயை உரித்துக்கொண்டே பார்த்தார்.

"பிள்ளைக்கு ஆத்தா மொகம் மறந்துபோச்சு பாத்தியா? வீட்டோட இருந்து வேல பாருன்னு நான் எம்புட்டோ சொன்னேன். நெட்டுகூட விட்டு வச்சேன்."

"வெளிய போங்க" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். பெரியப்பா தலையைச் சாய்த்தார். "என்னத்தா இப்பிடிப் பேசிப்புட்ட? நான் என்னைக்காச்சும் எதையாச்சும் இல்லைன்னு சொல்லிருக்கேனா?"

"போதும். இனி உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டோம். போங்க வெளிய!"

கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் ஏலரிசியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு போனார். தம்பி குடும்பத்துக்கு நன்றியே கிடையாது என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அக்காவை பஸ் ஏற்றிவிட நானும் பாப்பாவும் போனோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா ஜன்னல் கம்பி வழியாக விரலை நீட்டிப் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அம்மாக்கு டாட்டா சொல்லும்மா" என்றேன்.

பாப்பா என் இடுப்பில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்து, எனக்குக் கையை ஆட்டியது. ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.